சாய்ந்தமருது என்று எழுதிய கதிரை

நாடகத்துக்கு றப்பர் பூட்ஸ் போட்டு வரவும் என்று அழைப்பில் எழுதியிருந்தது. நோர்வேயின் பேர்கன் நகரில் மழை ஓயாதுதான். ஆனாலும் கூரைக்குக் கீழே பூட்ஸ் எதற்கு? உள்ளே போனபோதுதான் விளங்கிற்று. மேடையே ஓர் ஆழமில்லாத தொட்டி. அதற்குள் கதிரைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் அழிந்துகொண்டிருக்கும் ஒன்றின் பெயர்: ஒரு தவளை, ஒரு கடற்பறவை, ஒரு பனியாறு. பார்க்க வந்தவர்களே அவற்றில் இருக்க வேண்டும். தண்ணீர் ஏறும். பெயர் அழைக்கப்பட்டவர் எழுந்து வெளியேறுவார். கடைசியில் வெறும் கதிரைகள் மிஞ்சும்.

என் கதிரையில் என் ஊர், இலங்கையின் கிழக்குக் கரையிலிருக்கும் சாய்ந்தமருது. நெறியாளர் இங்கிரிட் நான் கணக்கு வேலை பார்க்கும் கட்டடத்தின் மேல்மாடியில் ஒத்திகை பார்ப்பவர். ஒருநாள் தேநீர் நேரத்தில் எங்கள் கரையைப் பற்றிக் கேட்டார். எது எப்போது நடந்தது என்பதை மறக்காதவன் நான். தங்கை ஜெஸீமா பிறந்த மாரியில் முதல் வரிசைத் தென்னைகள் கடலில் விழுந்தன. அவளுடைய கலியாணத்துக்கு அடுத்த மாரியில் இரண்டாம் வரிசை. நான் விமானம் ஏறிய வருடம், தோணிகளை இழுத்து வைக்கும் மணல் போயிற்று. இவ்வளவும் சொன்னேன்.

"அப்படியானால் ஊர் இப்போது இல்லையா?" என்றார்.

"இருக்கிறது. சந்தையில் நடக்க இடமில்லை."

அவர் என் தோளில் ஆறுதலாகக் கை வைத்தார்.

முதல் காட்சி வெள்ளிக்கிழமை. என்னை அழைத்ததும் எழுந்து போனேன். ஞாயிறு காலை ஜெஸீமாவின் அழைப்பு வந்தது. நாடகக் குழு இணையத்தில் போட்ட வீடியோவை யாரோ ஊர் வாட்ஸ்அப்பில் ஏற்றிவிட்டார்கள்.

"காக்கா, ஊருப் பேரு எழுதின கதிரையில இருந்து நீங்க எழும்பிப் போறத்த எல்லாரும் பாத்திட்டாங்க. மாப்பிள்ளட உம்மா கேக்கிறா, 'கடலுக்குள்ள போற வளவையா எங்கட மகனுக்குத் தரப்போறீங்க' எண்டு."

எங்களிடம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். ஜெஸீமா தன் மகள் ஹஸ்னாவின் கலியாணத்துக்குக் கட்டிய வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் மூன்றாம் வரிசைத் தென்னைகள் மட்டுமே நிற்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் சம்மாந்துறை வயல்காரர்கள்; கடலை நம்பாதவர்கள்.

"அது நாடகம் புள்ள."

"நாடகம் எண்டா எழும்பாம இருந்து நடிங்களன்! எழும்பிப் போறது மட்டும் ஒங்களுக்கு நல்லா வரும்."

அன்று மாலை வரை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். எழுந்தால் கலியாணம் குழம்பும். எழாமல் இருந்தால், நானே எண்ணிவைத்திருக்கும் தென்னைகளுக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டாம் காட்சியில் சாய்ந்தமருதை அழைத்தார்கள். நான் எழவில்லை. மறுபடி அழைத்தார்கள். பக்கத்தில் கடற்பறவையாக இருந்த மூதாட்டி என் கையைத் தொட்டு "இது நீங்கள்" என்று மெல்லச் சொன்னார். ஓம் என்று தலையாட்டிவிட்டு அப்படியே இருந்தேன். பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கிற்று. முடிந்ததும் இங்கிரிட் கண்கலங்கி ஓடிவந்தார்.

"எவ்வளவு பெரிய எதிர்ப்பு!"

"மருமகளின் கலியாணத்துக்காக" என்றேன்.

"ஆம், வருங்காலச் சந்ததி" என்றார்.

குழு எடுத்த இந்தக் காட்சியின் வீடியோவை வாங்கித் தங்கைக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவள் குரல் பதிவு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ், சம்மதிச்சிட்டாங்க. ஆனா காக்கா, மாப்பிள்ளட உம்மா ஒண்டு கேக்கிறா. 'அங்க இரிக்கிற மனிசன் இஞ்ச வந்து இரிப்பாரா' எண்டு."

மண்டபம் காலியாகிவிட்டது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்கள். என் ஊரின் பெயரில் முதுகைச் சாய்த்தபடி, கணுக்காலிலிருந்து நீர் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.