ஞாயிற்றுக்கிழமை ஆறு

நானும் என் கணவரும் ஜெர்மனியில், பான் நகரில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தோம். அவருக்குத் தபால் பொதிகள் பிரிக்கும் இடத்தில் வேலை, எனக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில். பிள்ளைகள் இல்லை. கிழமை நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் ஆற அமரப் பார்க்கக் கிடைக்காது. ஞாயிறு வந்தால் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேநீரும் ஊற்றிக்கொண்டு வெளிக்கிடுவோம்.

தூரத்துக்கெல்லாம் போவதில்லை. டிராகன்ஃபெல்ஸ் மலைக்கு ஏறும் சின்ன ரயில், ரைன் ஆற்றைக் கடக்கும் படகு, உடைந்த பாலத்தின் கறுப்புக் கோபுரங்கள் மட்டும் நிற்கும் ரெமாகென், இவ்வளவுதான் எங்கள் உலகம். பக்கத்துத் தெருவில் செர்ரி மரங்கள் பூத்தால் வெளியூர்ச் சனமெல்லாம் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். நான் அதற்குள்ளால் உருளைக்கிழங்குப் பையை இழுத்துக்கொண்டு வருவேன். எனக்கு அந்தப் பூவில் பெரிய மயக்கம் கிடையாது. அவருக்கோ ஆற்றில். எங்கே போனாலும் கடைசியில் கரையில் ஒரு மர வாங்கைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். வெயில் இருந்தால்தான் இதெல்லாம். மழை என்றால் அவருக்குப் படுத்துக் கிடக்க ஒரு சாட்டு.

போன கோடையில் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். பரவிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதுவிட்டு அரிசியைக் கழுவினேன்.

அடுத்த மாதமே அவரோடு வேலை செய்த ஒரு அண்ணை இறந்துபோனார். பான் இருக்கும் மாநிலத்தில் சாம்பலை ஆற்றில் விட அனுமதியில்லை, கலசத்தை மயானத்தில் புதைத்தார்கள். ஒரு சின்னக் குழி, அதற்குள் கலசம், மேலே புல். வரும்போது இவர் காருக்குள் சொன்னார்:

"வெங்காயம் நட்ட மாதிரிக் கிடக்கு. என்னை அப்பிடிப் புதைக்க விடாதையும். ஆத்திலை விடும்."

ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைக்கலாமே என்றேன்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

சிலர் எல்லை தாண்டி ஒல்லாந்துக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் கரைத்துவிட்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த நாட்டுக்குள்ளை களவாய் வந்தனான். களவாய்ப் போக மாட்டன்."

பிறகு தானே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து மாநிலத்தில் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். அங்கே குடியிருந்து இறப்பவரின் சாம்பலைத் தண்ணீரில் கரையும் கலசத்தில் வைத்து, படகில் கொண்டுபோய் ரைனில் விடலாம். அந்த மாநிலத்தின் எல்லை எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. ஞாயிறு தவறாமல் அதைத் தாண்டிப் போய்ப் புட்டுத் தின்றுவிட்டு வந்திருக்கிறோம்.

"சாகிறதுக்கு வீடு மாறுற ஆளை நான் இப்பதான் பாக்கிறன்," என்றேன். அவர் சிரிக்கப் போய் இருமினார்.

இலையுதிர் காலம் முழுக்க எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் வீடு பார்ப்பதில் போயின. அதே பாதை, அதே ஆறு, மடியில் அதே புட்டு. உடம்பு மெலிந்தது தெரியாதிருக்க அவர் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட் போட்டுக்கொள்வார். வீட்டுக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான், இந்த வயதில் ஏன் இங்கே வருகிறீர்கள்? ஆறு பிடிக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இருமல் வந்துவிடும். பிறகு அறிவிக்கிறோம் என்பார்கள், அறிவிக்க மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்க்கும். எனக்குப் பான் நகரை விட்டுப் போக விருப்பமேயில்லை. தமிழ்க் கடை, கோயிலுக்குச் சேர்ந்து போகும் அக்காமார், என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லாம் அங்கேதான்.

கடைசியில் ரெமாகெனில் ஒரு வயதான அம்மா கீழ்த்தளத்தைத் தந்தார். இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வீட்டுத் திறப்பைக் கையில் வைத்தார்.

கார்த்திகையில் மாறினோம். நகர மண்டபத்தில் அடையாள அட்டையில் புது முகவரியை ஒட்டிக் கொடுத்த அன்று, அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். கலியாண நாளில்கூட அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் காணவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறு ஜன்னலுக்கு நேரே. கட்டிலை அங்கே இழுத்துப் போட்டுக்கொடுத்தேன். இருவருமே அதுவரை வெயிலில் மட்டும்தான் அந்த ஆற்றைப் பார்த்திருந்தோம். மார்கழியில் அது வேறு ஆறு. காலையில் பனிப்புகார் மூடி ஒன்றுமே தெரியாது. பிறகு மழை விடாமல் பெய்து வெள்ளம் ஏறியது. நாங்கள் புட்டுச் சாப்பிட்ட வாங்கு முழுக்கத் தண்ணீருக்குள் போனது. மரக்கட்டைகள், யாரோ வீட்டுத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கதிரை, ஒரு செத்த செம்மறி, எல்லாம் மண்ணிறத் தண்ணீரில் உருண்டு உருண்டு போயின. அவர் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். திரையை இழுத்து மூடவா என்று கேட்டால் வேண்டாம் என்பார்.

ஒருநாள் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கையில் என் கையைப் பிடித்தார்.

"என்னை ஆத்திலை விடாதையும்."

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"ஐயாவை எங்கை புதைச்சவை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். அவருடைய தகப்பனார் ஊரே இடம்பெயர்ந்த நேரம் வழியில் இறந்தவர். இவர் அப்போது ஜெர்மனியில் அகதி முகாமில். மாதங்கள் கழித்துத்தான் செய்தி வந்தது. அதைப் பற்றி அவர் என்னோடு அவ்வளவு காலமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "எங்கை போய் நிண்டு அழுகிறது எண்டு தெரியாமலே நான் இருந்திட்டன். நீர் அப்பிடி இருக்கக் கூடாது. உமக்கு வந்து நிக்க ஒரு இடம் வேணும்."

"இதைப் பானிலை இருக்கேக்கை சொல்லியிருக்கலாமெல்லோ?" என்றேன். என்னுடைய குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் ஆத்திரத்தை அடக்க முடியவில்லை.

"அங்கை இருக்கேக்கை எனக்கு இது தெரியாதே," என்று ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

மாசியில், ஒரு மத்தியானம், நான் பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டார். பான் வீட்டில் அதற்குள் வேறு குடும்பம் குடிவந்துவிட்டது. வாடகையும் எனக்கு எட்டாத உயரம். அவருக்காகத் தேடிப் பிடித்த ஊர் எனக்குத்தான் மிச்சம். இங்கே யாரையும் தெரியாது. இப்போது தமிழ்க் கடைக்குப் போவதற்கு ரயிலெடுத்து, என் சொந்த ஊருக்கே சுற்றிப் பார்க்க வந்தவள் போல் போய்விட்டுப் பொழுதுபடத் திரும்புகிறேன். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர் இல்லாத வீட்டில் அந்தக் கோபத்தை என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

கலசத்தைப் புதைப்பதற்கு முன் மயான அலுவலகத்தில் வந்து சந்திக்க ஒரு நேரம் தந்திருந்தார்கள். அங்கிருந்த பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். மேட்டில் ஓர் இடத்தைக் காட்டினாள், பக்கத்தில் ஒரு பிர்ச் மரம். பிறகு சொன்னாள், இந்த நாட்டில் இடம் யாருக்கும் சொந்தமில்லை, குத்தகைக்குத்தான். இருபது வருடம். அது முடிந்தால் கல்லை எடுத்துவிட்டு இடத்தைச் சமப்படுத்திவிடுவார்கள். பிள்ளைகள் விரும்பினால் நீட்டித்துக்கொள்ளலாம்.

இது அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனது நல்லது என்று நினைத்தேன்.

"இருபது வருடம் போதுமா?" என்று அவள் கேட்டாள்.

எனக்கு அறுபத்தாறு வயது. போதும் என்றேன்.