கடலில் இறங்கிய மேகப்பந்து

போர் முடிந்து, முகாமில் இருந்த எங்களை மன்னார்க் கரையோரத்தில் எங்கள் சொந்த ஊரிலேயே மீளக் குடியமர்த்தியிருந்த காலம். வீடு என்று சொல்ல நான்கு தகரமும் மேலே விரித்த ஒரு தறப்பாளும்தான். ஆனாலும் வாசலில் நின்றால் கடல் தெரியும். எனக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. ஷெல் விழுந்ததில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். முகாமில் அவளைத் தூங்கவைக்க நான் ஒரு கதை கட்டியிருந்தேன். மேகங்களுக்கு மேலே ஒரு நாடு. அங்குள்ளவர்கள் மிதந்துகொண்டே பந்து விளையாடுவார்கள். வானவில் வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டும். யாருடைய காலாவது கீழே பட்டால் அவர் வெளியே. கால் தேவைப்படாத விளையாட்டாக இருக்கட்டும் என்றுதான் அப்படி அமைத்தேன். அணித்தலைவி யார் என்று சொல்லவும் வேண்டுமா? பக்கத்துக் கூடாரப் பிள்ளைகளும் கேட்க வருவார்கள். நானும் வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் அதுவே வினையானது. பிள்ளைகள் கிளித்தட்டு ஆடும்போது இவளையும் கூப்பிடுவார்கள்தான். ஆனால் இவள் ஊன்றுகோலுடன் கோட்டைத் தாண்டினால், மறிக்கிற பிள்ளை வேண்டுமென்றே தொடாமல் கையை இழுத்துக்கொள்ளும். எல்லா ஆட்டத்திலும் இவளுக்கே வெற்றி. கொஞ்ச நாளில் போவதையே நிறுத்திவிட்டாள்.

"அம்மா, மேகப்பந்தை உண்மையா விளையாட ஏலாதே?" என்று ஒருநாள் கேட்டாள்.

விளையாடலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்குச் செய்யவும் தெரிய வேண்டுமே. எல்லாரும் நிலத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்து ஆடட்டும் என்று திட்டம் போட்டு, வீட்டுக்கு முன்னால் இருந்த வெளியில் எல்லை குறிக்கத் தடிகள் நட்டேன். பார்வைக்கு வடிவாக இருக்கட்டும் என்று என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து அவற்றில் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தால், வந்த பிள்ளைகள் எல்லாம் தூரத்திலேயே நிற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சிவப்புக் கட்டிய தடி என்றால் மிதிவெடி. முகாமிலேயே அதைப் படிப்பித்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு அக்காவும் அப்படியே நின்றுவிட்டார். "தங்கச்சி, அசையாதேங்கோ. அதிலையே நில்லுங்கோ."

சேலைத் துண்டும் கையுமாக நின்று நான் விளக்கம் சொன்னேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த ஊரிலை சிவப்புத் தடி நடாத இடமெண்டால் கடல்தான். அதுக்குள்ளை போய் விளையாடுங்கோவன்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கோ அது மண்டையில் ஏறிவிட்டது. கடலில் யாரும் மிதக்கலாமே! ஆனால் கால் போன பிறகு மகள் கடலில் இறங்கியதே இல்லை. இரண்டு நாள் பயந்து பயந்து யோசித்தேன். கடல் தொழிலுக்குப் போகும் என் கணவர்தான், "நடக்க முந்தியே நீந்தினவள். விடுமப்பா" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும், நெஞ்சளவு தண்ணீரில் காற்றடித்த ஒரு லொறி ரியூப்பை நங்கூரக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டார். அதுதான் வானவில். மகள் ஊன்றுகோலைக் கரையில் வைத்துவிட்டு, மணலில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினாள். நான் வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு நின்றேன். மற்றப் பிள்ளைகளும் பாய்ந்து இறங்க, சிறிது நேரத்தில் தண்ணீருக்கு மேலே தலைகளும் கைகளும் மட்டும்தான். என் பிள்ளை எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்காவின் மகள் சொட்டச் சொட்டக் கரையேறி என்னிடம் வந்தாள். முகமெல்லாம் கோபம்.

"அன்ரி, உங்கட மகள் அளாப்புறாள். காலை ஊண்டிப்போட்டு, ஊண்டேல்லை எண்டு சாதிக்கிறாள். இனி அவளைச் சேர்க்க மாட்டம்."

"பொய் சொல்லுறாள் அம்மா" என்று கடலுக்குள்ளிருந்து கத்தினாள் என் மகள்.

அவள் ஊன்றியதை நானும் கண்டிருந்தேன்.

"ஊண்டினதுதான் பிள்ளை. வெளியிலை வா" என்றேன்.

வந்தாள். அன்று பொழுதுபடும் வரை என்னோடு பேசவில்லை. நான் அடுப்படியில் இருந்து தனியே சிரித்துக்கொண்டு மீன் வெட்டினேன். பிள்ளையைப் பற்றிக் குறை கேட்டால் பெற்றவளுக்கு வயிறு எரியும் என்பார்கள். என் மகளை ஒருத்தி கள்ளி என்று சண்டைக்கு வந்த அந்த நாளை நினைத்தால், எனக்கு இன்றும் வயிறு குளிர்கிறது.