பட்டுத் துணிக்குப் பின்னால் மண்டையோடு

என் தம்பியைக் குடிகாரன் என்று ஊருக்குச் சொன்னவர் எங்கள் கோயில் தலைவர். அது பொய். பொய் என்று தெரிந்துதான் சொன்னார்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. நான் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறவள். தம்பி லொறி ஓட்டுகிறவன். வள்ளத்தில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, விசாவுக்கு அலைந்து, கடைசியில் அவன் கைக்குக் கிடைத்த உருப்படியான பொருள் ஒன்றே ஒன்று. பெரிய லொறி ஓட்டும் லைசன்ஸ். அதை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தலைவர் உண்மையைச் சொன்னால் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. அவர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

கோயிலுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மயில் வாகனம் செய்யக் கொடுத்திருந்தார்கள். மரத்தால் செய்தது. மரச்சாமான் இந்த நாட்டுக்குள் வருவதென்றால் பூச்சி புழு இருக்கக்கூடாது. அதனால் கொழும்பிலேயே கொன்ரெயினருக்குள் வாயுவை அடித்து, கதவை மூடி, கப்பலில் ஏற்றிவிட்டார்கள். பூச்சியைக் கொல்லும் வாயு ஆளையும் கொல்லும். கதவில் அதற்கென்றே ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, உள்ளே போகாதே. எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்குகிற படம்.

சனிக்கிழமை கொன்ரெயினரைக் கோயில் முற்றத்தில் இறக்கிய வெள்ளைக்கார டிரைவர் செயலாளரிடம் ஒரு தாளைக் கொடுத்து, வாயு அளக்கிற ஆள் வந்து சரி சொல்லும்வரை கதவைத் தொடக்கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். நான் மடைப்பள்ளி வாசலில் இருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது.

அளக்கிற ஆள் திங்கள் காலை எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

"திங்கள் எட்டு மணியோ? அது ராகு காலமெல்லோ" என்றார் தலைவர். "முருகன்ரை வாகனத்தை ராகு காலத்திலை இறக்கச் சொல்லுறியளோ?"

செயலாளர் போன் எடுத்துக் கேட்டார். அடுத்த இடம் செவ்வாய் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் இருக்கிறதாம்.

"அதுவும் ராகு காலம்."

"அண்ணை, ராகு காலம் சிட்னி நேரத்துக்கோ, யாழ்ப்பாண நேரத்துக்கோ?" என்று யாரோ கேட்டார்.

"ராகுவுக்கு உந்த மணிக்கூடு தள்ளுற டே லைட் சேவிங் தெரியாது தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரித்து முடியும்போது, ஞாயிறு காலை நல்ல நேரத்தில் திறப்பது என்று முடிவாகியிருந்தது.

செயலாளர் படித்தவர். கம்பியூட்டர் வேலை. அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். "இஞ்சை பாருங்கோ, கிளாஸ் நைன் எண்டு கிடக்கு. மொத்தமே ஒன்பதுதான். முதலாவது வெடிமருந்து. ரெண்டிலைதான் நச்சு வாயு வரும். இது ஆகக் கடைசி. 'மற்றவை' எண்டு போட்டிருக்கு."

"அப்ப வகுப்பிலை கடைசி வாங்கிலை இருக்கிற பிள்ளை எண்டுறீர்" என்றார் தலைவர்.

"ஓம் ஐயா. அதாலை என்ன செய்ய ஏலும்?"

எங்கள் ஆட்களுக்கு இலக்கத்தைக் கண்டால் போட்டிதான் நினைவுக்கு வரும். யார் பிள்ளை முதலாவது, யார் பிள்ளை எத்தனையாவது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. ஒன்று என்றால் பெரிது, ஒன்பது என்றால் ஒன்றுமில்லை. அந்தப் புத்தியோடுதான் அந்தத் தாளையும் வாசித்தார்கள்.

"அப்ப என்னத்துக்கு மண்டையோடு கீறியிருக்கு?" என்று கேட்டேன்.

"அக்கா, எலிப்பாசாணப் பெட்டியிலையும் உதுதான் கீறியிருக்கும். நீங்க போய் வடைக்கு அரையுங்கோ" என்றார் செயலாளர்.

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை நாதஸ்வரக்காரர் வந்தார், ஐயர் வந்தார், சேலை கட்டிய பெண்கள் போன்களோடு வந்தார்கள். அப்போதுதான் தலைவரின் மனைவி கதவைப் பார்த்து முகம் சுளித்தார். "சாமி வாகனம் வாற கதவிலை மண்டையோடு. அபசகுனம். படத்திலையும் விழும்." உடனே ஒரு சிவப்புப் பட்டுத் துணி வந்தது. நான்கு பக்கமும் டேப் போட்டு அறிவித்தலை மூடினார்கள். மேலே மாவிலை, பூமாலை. ஒட்டச் சொன்னவர் தலைவர். பக்கத்தில் நின்று "கொஞ்சம் இடப்பக்கம்" என்று கை காட்டியவரும் அவர்தான்.

தேங்காய் உடைத்தார்கள். கதவைத் திறந்தார்கள். ஆலாத்தித் தட்டோடு நான் முன்னால் நின்றேன். செயலாளர் தலையை உள்ளே நீட்டி மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு மணமும் இல்லை. சாக்கு மணம்தான்."

அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் காசு கொடுத்து ஓர் ஆளைப் பிடித்திருந்தார்கள். அவர் வருமுன் திறந்தார்கள்.

தலைவர், கூட்டத்தில் நின்ற என் தம்பியைப் பார்த்தார். "நீர்தானே லொறிக்காரன். ஏறும். உள்ளுக்குப் போய்க் கயிறை அவிழும்."

தம்பி ஏறவில்லை. "ஐயா, வாயுவை அளந்து ரெஸ்ட் பண்ணினவையோ?" என்று கேட்டான்.

"எல்லாம் செய்தாச்சு. நல்ல நேரம் போகுது, ஏறும் தம்பி."

எல்லாம் செய்தாச்சு. இந்த வார்த்தையை முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். தட்டோடு முன்னால் நின்ற நானும் கேட்டேன், தடுக்கவில்லை.

தம்பி அடிக்கோடிவரை போனான். மயில் அங்கேதான் வைக்கோலும் சாக்குமாகச் சுற்றிக் கிடந்தது. ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, வைக்கோலைப் பிடுங்கி, மற்றவர்கள் வாசலில் நின்று வாங்க வாங்கத் தள்ளிக் கொடுத்தான். வெளியே நாதஸ்வரம். மயில் வெளியே வந்தபோது பெண்கள் அழுதார்கள். அழகான மயில்தான். அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

மத்தியானம் பந்தியில் தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. "அக்கா, ரெண்டு இலை தெரியுது" என்றான். நாக்கு தடித்தவன் பேசுவது போலிருந்தது. எழும்பியவன் சுவரில் மோதினான்.

"என்னடாப்பா, காலமையே போட்டிட்டு வந்தனீரோ?" என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கேட்டார். பந்தி முழுவதும் சிரித்தது. தம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

பின்னேரம் வீட்டுக் குசினியில் அவனுக்கு வலிப்பு வந்தது. இதற்கு முன் அவனுக்கு வலிப்பு வந்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் கொன்ரெயினர் கதையைச் சொன்னேன். டொக்டர் ஒரு கேள்விதான் கேட்டார். என்ன வாயு? பெயர் தெரிந்தால்தான் எந்தப் பரிசோதனை, எந்தக் கவனிப்பு என்று முடிவு செய்யலாம் என்றார். தம்பியின் கைகளைக் கட்டிலோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். நான் செயலாளருக்குப் போன் அடித்தேன்.

"அந்தத் தாளிலை வாயுவின்ரை பேர் என்ன?"

"அக்கா, அது கிளாஸ் நைன் எண்டு சொன்னனானே. வாயுவாலை வந்த வருத்தமா இருக்காது."

"நான் வருத்தத்தைக் கேக்கேல்லை. பேரைக் கேக்கிறன்."

"தாள் தலைவரிட்டைக் கிடக்கு. நீங்க தேவையில்லாமல் ஆஸ்பத்திரியிலை கோயில் பேரை எடுக்காதேங்கோ."

போனை வைத்துவிட்டார். தலைவர் போனை எடுக்கவே இல்லை. டொக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாது என்று சொன்னேன். என் தம்பி அங்கே துடிக்க, தெரியாது என்று சொல்ல வைத்தார்கள்.

திங்கள் காலை நான் நேரே கோயில் முற்றத்துக்குப் போனேன். அளக்கிற மனிதர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கொன்ரெயினர் வெறுமையாகத் திறந்து கிடந்தது. கதவில் பட்டுத் துணி அப்படியே தொங்கியது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யார் உள்ளே போனது என்று கேட்டார். சொன்னேன்.

அறிவித்தலில் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. மீதைல் புரோமைட். முதல் நாள் முழுக்கப் பட்டுக்குப் பின்னால் இருந்த பெயர். அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

கிளாஸ் நைன் என்றால் ஆபத்தில்லைத்தானே என்று அவரிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது, என்மேல் இல்லை. இதே வாயு சிலிண்டரில் இருந்தால் இரண்டாம் வகுப்பு, நச்சு வாயு என்றார். கொன்ரெயினருக்குள் அடித்துவிட்டால் அந்தக் கொன்ரெயினரைத் தாளில் ஒன்பதில் போடுவார்கள். வேறெங்கும் அடங்காதவற்றைப் போடும் இடம் ஒன்பது. வாயு அதே வாயுதான், நுரையீரலுக்கு இலக்கம் தெரியாது என்றார். பிறகு தன் கருவியை வைத்து அளந்தார். ஒன்றும் காட்டவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் திறந்து கிடந்த பெட்டியில் என்ன காட்டும்?

அன்று பின்னேரம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் செய்தி வந்தது. கொன்ரெயினரைச் சனிக்கிழமையே திறந்து காற்றோட விட்டார்களாம். ஞாயிறு ஓர் இளைஞர் மது அருந்திய நிலையில் ஆலயத்துக்கு வந்து சுகவீனமடைந்தாராம். அதே குழுவில் இருந்த சிவப்புப் பட்டுப் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

தம்பியின் இரத்தத்தில் மது இல்லை. அந்த வாயுவின் அடையாளம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது எங்கே, எப்போது உடம்புக்குள் போனது என்று இரத்தம் சொல்லாது. காரணம் தெரியாத வலிப்பு என்று எழுதினால் அவன் எத்தனை காலம் ஸ்டியரிங்கைத் தொட முடியாதோ தெரியாது. இந்தக் கொன்ரெயினரால் வந்த வலிப்பு என்று உறுதியானால் கதை வேறு, அவன் தேறியதும் திரும்பக் கேட்கலாம் என்கிறார் டொக்டர். அதற்குக் கோயில் சொல்ல வேண்டும்: கதவு எப்போது திறந்தது, அளந்தார்களா, அவன் உள்ளே நின்றானா.

என் கடைக்கு இடியப்பம் வாங்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். "எங்களுக்குத் தெரியும் அக்கா. ஆனா கோயில் விசயம்." அவர்களுக்கு இடியப்பத்தோடு இரண்டு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறேன். அதை இங்கே எழுதினால் அச்சிடமாட்டார்கள்.

தலைவர் ஒரு தரம் வீட்டுக்கு வந்தார். பழப் பை, விபூதி. தம்பி ஜன்னலோரம் இருந்தான். இப்போது அங்கேதான் இருக்கிறான். தெருவில் போகும் லொறி என்ன லொறி, எத்தனை பாரம் என்று சத்தத்தை வைத்துச் சொல்வான். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறான், அப்படியும் சிந்துகிறது.

"கோயிலுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது பாரும் தம்பி" என்றார் தலைவர். "உம்மடை பேரிலை அர்ச்சனை செய்விக்கிறம்."

"ஐயா, அர்ச்சனைத் துண்டை லைசன்ஸ் குடுக்கிற இடத்திலை எடுக்கமாட்டினம்" என்றான் தம்பி. ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் சொன்னான். "நீங்க சொன்னதை, 'நான் சொன்னனான்' எண்டு சொல்லுங்கோ. அது காணும்."

தலைவர் விபூதியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

ஐயா, உங்களிடம் காசு கேட்கவில்லை. மன்னிப்பும் வேண்டாம், அதை முருகனிடம் கேளுங்கள். வருகிற பொதுக்கூட்டத்தில் வழமைபோல் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். நான் முன்வரிசையில் இருப்பேன், தம்பியும் பக்கத்தில் இருப்பான். வரவேற்புரைக்கு முன், மயிலைப் பற்றிப் பேசுமுன், அத்தனை பேரும் கேட்க இதற்குப் பதில் சொல்லுங்கள். அளந்தீர்களா என்று என் தம்பி கேட்டபோது, "எல்லாம் செய்தாச்சு" என்று சொன்னீர்களா, இல்லையா?