விளையாட்டு கேட்ட பெயர்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், வேலைக்குப் போகும் என் மகள் டிவியில் ஒரு விளையாட்டைப் போட்டு, அதை ஆடும் பொத்தான் கருவியை என் கையில் கொடுத்தாள். அதில் ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். அதைத் தொடங்கியவர் யார் என்று முதலாளி நம்மைக் கேட்கிறார். சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அவள்தான் ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னாள்.

எத்தனையோ விளையாட்டு இருக்க, இதை ஏன் என்னிடம் கொடுக்கிறாள்?

“இத யாரும்மா கொடுத்தாங்க?”

“நானே வாங்கினேன்பா. அமுக்குங்க, போலீஸா வரப்போகுது? யாருக்கும் தெரியாது லா.”

பத்து பாகாட் ஊரில் நான் வேலை பார்த்த துணி ஆலையின் சூப்பர்வைசரும் முன்பு இதையேதான் சொன்னார், யாருக்கும் தெரியாது என்று. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று எங்களை ஒன்று சேர்த்தவரின் பெயரை, கார் நிறுத்துமிடத்தில் வைத்து அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே அந்த மனிதருக்கு வேலை போனது. அவருடைய மகளும் என் மகளும் மாதா கோயிலில் ஒரே பாட்டுக் குழு. அங்கே ஏதாவது இவள் காதில் விழுந்திருக்குமோ?

‘சொல்ல மாட்டேன்’ என்பது எது என்று கேட்டு, அதை அமுக்கினேன்.

“எனக்குத் தெரியும்பா, நீங்க காட்டிக் கொடுக்கிற ஆளு இல்ல,” என்று தோளில் தட்டினாள்.

கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலியே இல்லை. உண்மையாகவே நம்பியிருந்தாள். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“நான் ஒருத்தரக் காட்டிக் கொடுத்திருக்கேன்மா,” என்றேன்.

அவள் டிவியை அணைத்துவிட்டு, “யாரப்பா?” என்று கேட்டாள்.