மடியில் வியர்த்த கேமரா

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

ஐப்பசி மழை. காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் களக்காடு பேருந்தில் ஏறினேன். சுமார் நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். அங்கே என் தங்கை மகளுக்குப் பதினொரு மணிக்கு வளைகாப்பு. படம் எடுப்பது என் பொறுப்பு. கேமரா, துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் மைத்துனனுடையது. "அத்தான், சொட்டுத் தண்ணி பட்டாலும் போச்சு" என்று சொல்லித்தான் கொடுத்தான். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கேமரா கையில் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அது கெட்டால் அவனுக்கும் பதில் சொல்ல முடியாது, விசேஷ வீட்டில் வெறுங்கையோடு நிற்கவும் முடியாது.

பேருந்து நிலையத்துக்கு வரும் வழியில் தூறலில் கேமரா லேசாக நனைந்திருந்தது. அப்படியே மூன்று பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கி, சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

முன்னீர்பள்ளத்தில் ஒருவர் அரை மூட்டை அரிசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் வயிற்றையே பார்த்தார். எனக்குச் சரியாகப் படவில்லை. ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன்.

"உள்ள என்னத்த வே ஒளிச்சு வச்சிருக்கீரு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இப்படிக் கட்டிப் புடிச்சிருக்கீரு?" என்றவர் நடத்துநரைக் கூப்பிட்டார். "தம்பி, இங்கன வா. இவரு வயிறு சரசரங்குது."

பேருந்தே திரும்பிப் பார்த்தது. "எடுத்துக் காட்டிருங்க அண்ணாச்சி, எதுக்கு வம்பு?" என்றார் நடத்துநர்.

பிரித்தேன். பைக்குள் முத்து முத்தாக நீர். லென்ஸ் பால் படிந்ததுபோல் மங்கிக் கிடந்தது.

"ஈரத்தோட கட்டியிருக்கீரு. மழைய உள்ள வச்சுல்லா பூட்டியிருக்கீரு. வயித்துச் சூடு வேற" என்றார் அரிசிக்காரர். "பேட்டரியக் கழட்டிட்டுக் காத்தாட வையும்."

"உம்ம அரிசிக்குள்ள வச்சா ஈரத்த இழுத்திராதா?" என்று நடத்துநர் கேட்டார்.

"தவிட்டுத் தூசி உள்ள போனா அதோட சோலி முடிஞ்சுதுலே. என் மூட்டையத் தொடாத!"

அரிசிக்காரரே தன் தோளில் கிடந்த உலர்ந்த துண்டைக் கொடுத்தார். துடைத்தேன். கழற்றிய பேட்டரியை அவர் எடுத்துக்கொள்வாரோ என்று அதை மட்டும் உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

சேரன்மகாதேவி தாண்டி வெகுநேரம் கழித்து மங்கல் விலகியது. பேட்டரியைப் போட்டு, சோதிக்க ஒரு படம் எடுத்தேன். அமுக்குவதற்குள் அவர் சட்டென்று கையை நீட்டி லென்ஸை மறைத்தார். "என்னைய எதுக்கு வே எடுக்கீரு? யாருகிட்ட காட்டப் போறீரு?"

வளைகாப்புப் படங்கள் தெளிவாக வந்தன. திரும்பும்போதும் மழை. கேமராவைக் காய்ந்த துணியில் சுற்றி, மேலே ஒரு பையை வாய் கட்டாமல் கவிழ்த்து, எல்லோரும் பார்க்க மடியில் வைத்துக்கொண்டேன். ஒருவரும் பார்க்கவில்லை.

மைத்துனன் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நனைச்சிட்டியளா அத்தான்?"

"இல்ல."

முதல் படத்தில் ஒரு பெரிய உள்ளங்கை. "இது யாரு?"

"தெரியாது."

பேருந்தில் அந்த மனிதர் பார்த்ததுபோலவே அவனும் என்னைப் பார்த்தான்.

எழுதி முடித்தது கார்த்திகை 9.