மேல் வீட்டுப் போக்கியம்

சொர்ணலதாவுக்கு வேலை மைசூர் தேவராஜ மொஹல்லாவில், ஒரு ஜவுளிக் கடையின் ரவிக்கைத் துணிப் பிரிவில். புடவையைக் குழல்விளக்கின் கீழே ஒரு முறையும் வாசல் வெளிச்சத்தில் ஒரு முறையும் பார்த்த பிறகுதான் துணியை எடுப்பாள். அவள் எடுத்துக் கொடுத்த துணி நிறம் சேரவில்லை என்று திரும்பி வந்தவர்கள் குறைவு.

கேசரே பகுதியில் அவளுக்கு மாடியோடு ஒரு வீடு. கீழே அவளும், டைல்ஸ் மேஸ்திரியான கணவன் மாணிக்கவாசகமும், கல்லூரிக்குப் போகும் மகளும். மேலே பசவராஜ் குடும்பம். மேல் வீட்டுக்கு மாத வாடகை கிடையாது. மைசூரில் லீஸ் என்பார்கள், போக்கியம்தான் அது. குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மூன்று வருஷம் இருப்பார். போகும்போது அந்தத் தொகையை அப்படியே திருப்பித் தர வேண்டும். பசவராஜ் கொடுத்த ஏழு லட்சம், மாடி கட்டிய கடனுக்கே போய்விட்டது. அடுத்து வருகிறவரிடம் வாங்கி அவருக்குக் கொடுத்தால் ஆயிற்று. அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் வீடு வைத்திருந்தார்கள்.

மூன்று வருஷம் முடிந்தது. பசவராஜ் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார். மீதியை ஜூலைக் கடைசிக்குள் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். சொர்ணலதா தமிழ்க் காலண்டரைப் பார்த்தாள். கன்னட மாதமான ஆஷாடத்தில் மைசூரில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனால் ஆடி பிறக்கும் அன்றே அமாவாசை. அதோடு ஆஷாடம் முடிகிறது. மறுநாளிலிருந்து சிராவணம். தீபா என்ற ஆசிரியை சாமராஜநகரிலிருந்து மாற்றலாகி வருகிறாள். வீட்டையும் பார்த்துப் பிடித்துப் போயிற்று. கன்னடக்காரர்கள் என்பதால் ஆடி அவர்களைத் தடுக்காது. "சிராவணம் பொறந்த வாரமே பணம்" என்று பசவராஜுக்கு வாக்குக் கொடுத்தாள்.

ஆஷாடத் தள்ளுபடி விற்பனை. கடையில் நிற்க இடமில்லை. புரோக்கர் முனிராஜ் போன் செய்தபோது மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிப் பேசினாள்.

"சொர்ணக்கா, தீபா மேடம் இப்ப வரமாட்டாங்களாம்."

"ஏன்? அமாவாசை கழிஞ்சா சிராவணம்தானே?"

"சிராவணம்தான், ஆனா அதிக சிராவணம். நெஜ சிராவணம் அதுக்கு அடுத்த மாசம். நீங்க தமிழ்க் காலண்டர் பாத்தீங்களா? நம்ம ஊருக்குக் கன்னடப் பஞ்சாங்கம் பாக்கணும் அக்கா."

சந்திரக் கணக்கில் சில வருஷங்களுக்கு ஒரு முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். அந்த மாதத்தில் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். சூரியக் கணக்கில் போகும் அவளுடைய காலண்டரில் அப்படி ஒரு மாதமே இல்லை.

"வேற பார்ட்டி?"

"யாரைக் கூட்டிட்டு வர? கன்னடக்காரங்களுக்கு அதிக மாசம், உங்க ஆளுங்களுக்கு ஆடி, கேரளாக்காரங்களுக்குக் கர்க்கடகம். முஸ்லிம் குடும்பம் ஒண்ணைக் கேட்டேன், மொஹரம் போகட்டும்ங்கறாங்க. கிறிஸ்தவங்க ஸ்கூல் தொறந்தாச்சு, இனி எதுக்குங்கறாங்க. இந்த மாசம் வீடு மாத்தறது பூனைங்க மட்டும்தான். விக்கறதுன்னா சொல்லுங்க. அதுக்கு ஆள் இருக்கு. பாதி விலைதான் வரும்."

அன்று அவள் அரக்குப் புடவைக்குக் காப்பிப் பொடி நிறத்தில் துணி வெட்டிக் கொடுத்தாள்.

பசவராஜ் படியிலேயே நின்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, நீங்க சொன்ன தேதியை நம்பி நான் பில்டருக்குச் சொல்லிட்டேன். வீட்டை வித்தாவது குடுங்க. இல்லேன்னா அக்ரிமெண்டை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குத்தான் போகணும்."

"நீங்களும்தான் அதிக மாசத்துல புது வீட்டுக்குப் போகமாட்டீங்க. ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?"

"நான் போகமாட்டேன். பில்டருக்குப் பஞ்சாங்கம் கிடையாதே."

நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. ஹனூரில் விவசாயம் பார்க்கும் மைத்துனர் மழையில்லை என்றார். "வீட்டை வித்துடலாமா சொர்ணா?" என்று மாணிக்கவாசகம் கேட்டான். மேல் வீட்டின் ஒவ்வொரு டைல்ஸையும் அவன்தான் பதித்தவன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தீபா மாற்றலாகி வந்து சேர்ந்திருந்த பள்ளிக்கே சொர்ணலதா போய் நின்றாள்.

"நீங்க இப்ப வரவேண்டாம் மேடம். பணம் மட்டும் குடுங்க. நெஜ சிராவணத்துல பால் காய்ச்சுங்க."

தீபா யோசித்தாள். "ஆள் இருக்கிற வீட்டுக்கு எப்படிப் பணம் குடுக்கறது? காலி பண்ணி என் பூட்டைப் போடணும். அப்புறம், மூணு வருஷம் இல்ல, நாலு வருஷம்."

"நாலா?"

"முன்னாடியே பணம் கேக்கறீங்கல்ல."

ஒரு வருஷத்தை அப்படியே கொடுத்துவிட்டு வந்தாள்.

பசவராஜின் மனைவி ரூபா கேட்டதும் கையை விரித்தாள். "காலி பண்ணி எங்கே போறது? புது வீட்டுல கால் வைக்கக் கூடாது. வேற வீட்டுக்கும் போகக் கூடாது. ரோட்டுலயா இருப்போம்?"

"கீழே வாங்க. எங்ககூட இருங்க."

"அதுவும் வேற வீடுதானே அக்கா?"

மாணிக்கவாசகம் தலையிட்டான். "ஒரே கூரைதானுங்களே. படி எறங்கறதெல்லாம் வீடு மாறுறதுங்களா?"

ரூபா தன் அம்மாவுக்குப் போன் செய்தாள், அம்மா புரோகிதரைக் கேட்டாள். ஒரே கூரை என்றால் தோஷமில்லை, ஆனால் தனி அடுப்பு மூட்டக் கூடாது என்று பதில் வந்தது. சொர்ணலதாவின் அடுப்பில்தான் சமைக்க வேண்டும்.

இரண்டு நாளில் பணம் வந்தது. வந்த அன்றே பசவராஜுக்குப் போனது. கீழ் வீட்டின் இரண்டு அறைகளில் ஒன்று அவர்களுக்கு. அவர்களுடைய பீரோவும் கட்டிலும் கூடத்தில் நின்றன. மகள் புத்தகத்தோடு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவளுக்கு உட்கார இடமில்லை. வெளியே படியில் மாணிக்கவாசகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே விளக்கில்லை. தீபாவின் பூட்டு தொங்கியது.

"வீடு கைல நின்னுடுச்சு" என்றான் அவன்.

"நாலு வருஷம் கழிச்சு இந்த ஏழு லட்சத்தை யார்கிட்ட வாங்கறது?"

அவன் விரல் இடுக்கில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து ரூபா கூப்பிட்டாள். "அக்கா, எங்க சமையல் ஆச்சு. இப்ப நீங்க அடுப்பை எடுத்துக்கலாம்."

சொர்ணலதா உடனே எழவில்லை. ரூபா இன்னொரு முறை கூப்பிட்ட பிறகு எழுந்து, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே பக்கவாட்டாக நகர்ந்து உள்ளே போனாள்.