பனிக்குள் அடுக்குப்பூ

நியூ ஜெர்சியில் அப்பா வாங்கிய வீட்டின் கொல்லையில், மண்ணுக்கடியில், ஓர் எண்ணெய்த் தொட்டி புதைந்திருந்தது. முன்பெல்லாம் வீட்டைச் சூடாக்க அதில்தான் எண்ணெய் நிரப்பி வைப்பார்களாம். துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தால் அக்கம்பக்கத்து மண்ணெல்லாம் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லிவிட, பனி உருக ஆரம்பித்ததும் மெஷின் வைத்துத் தோண்டி எடுத்துவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். வீட்டுக்கு வரும் அங்கிள்களையெல்லாம் ஜன்னலோரம் அழைத்துப்போய், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தொட்டியைக் கை நீட்டிக் காட்டுவார். அவர்களும் வெறும் பனியைப் பார்த்துப் பொறுப்பாகத் தலையாட்டுவார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா முன்னாலேயே வந்து வேலையில் இருந்தார். அம்மாவும் நானும் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்து ஒரு குளிர்காலம்கூட முழுசாகப் போகவில்லை. திருச்சியில் அம்மா காலேஜுக்குப் போவாள் என்று தெரியும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போவது மாதிரி அம்மா காலேஜுக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தேனே தவிர, அங்கே போய் என்ன செய்வாள் என்று யோசித்ததில்லை. இங்கே வந்த பிறகு அம்மா எங்கும் போகவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. யாராவது இங்கிலீஷில் ஏதாவது கேட்டால், பதில் சொல்லச் சொல்லி என்னைப் பார்ப்பாள்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொல்லை வழியாக வந்தேன். தொட்டி இருக்கிற இடத்தில் பனி கொஞ்சம் உருகியிருந்தது. பழுப்பு இலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. பனிதான் என்று தொட்டேன். ஆடியது.

“அம்மா, பனியில பூ பூத்திருக்கு!”

அம்மா நைட்டிக்கு மேல் அப்பாவின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, அவருடைய பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு வந்தாள். என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வந்தவள் அப்படியே மண்டி போட்டாள்.

“ஸ்னோடிராப்,” என்றாள், ஊரிலிருந்து வந்த யாரையோ எதிரே பார்த்துவிட்டதுபோல. “புக்லதான் பார்த்திருக்கேன். இத்தனூண்டா இருக்கும்னு நினைக்கவே இல்ல.”

தலைகுனிந்திருந்த ஒரு பூவை ஒற்றை விரலால் நிமிர்த்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பூ. அதற்கடுத்தது.

“பாப்பா, இங்க பாரு. இது சாதாரண பூ. வெளியில மூணு இதழ், உள்ள மூணு குட்டி இதழ், அதுல பச்சையா ஒரு பொட்டு. சரியா? இப்ப இதப் பாரு.”

பார்த்தேன். வெளியே அதே மூன்று வெள்ளை இதழ்கள்தான். உள்ளேயோ, பட்டுப்பாவாடைக் கொசுவம் மாதிரி இதழுக்குள் இதழாக நெருங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சைக் கரை.

“இது அடுக்கு. அடுக்கு நந்தியாவட்டை இருக்குல்ல, அது மாதிரி. மகரந்தம் தாங்குற கேசரமா வர வேண்டியதெல்லாம் இதழா மாறிடுச்சு.”

அம்மா உள்ளே ஓடினாள். நகை டப்பாவிலிருந்து ஒரு மடக்கு லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து, ஈர மண்ணில் குப்புறப் படுத்துவிட்டாள். என் அம்மா, குழாயடியில் சேலைக்கரை நனைந்தாலே முகம் சுளிப்பவள்.

பார்க்கப் பார்க்க அடுக்கிலேயே எத்தனையோ விதம் வந்தது. ஒன்றில் உள்ளிதழ்கள் அளவெடுத்து வெட்டி வைத்ததுபோல வட்டமாக இருந்தன. இன்னொன்றில் தூங்கி எழுந்த தலைபோலக் கலைந்து கிடந்தன. ஒன்று தலையே குனியாமல், பச்சைக் கோடு போட்ட இதழ்களை விரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. அம்மா ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லச் சொல்ல, அதுவரை ஒரே வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் பூக்கள் ஒவ்வொன்றாக முகம் காட்டின. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

வேலியோரம் இருந்த கொத்துக்குப் போனதும் அம்மா சின்னதாகக் கத்திவிட்டாள். அந்தப் பூவின் இதழ்க்கரை பச்சையாக இல்லை, மஞ்சள். காம்புக்குக் கீழே குண்டாக இருக்கும் சூல்பையும் மஞ்சள். பசுநெய்யின் மஞ்சள்.

அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு அமெரிக்க ஆன்ட்டி ஓடி வந்தார். நரைத்த தலை, கையில் போன். பனியில் ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள் என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட இருந்தாராம். அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். வழக்கம்போல நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். இங்கிலீஷில். படுத்தபடியே, பூவை விரலில் ஏந்திக்கொண்டு, இது எந்தக் குடும்பம், அடுக்கு என்பது எப்படி உண்டாகிறது, இவை ஏன் பெரும்பாலும் விதை வைக்காமல் கிழங்கிலேயே பெருகுகின்றன என்று சொல்லிக்கொண்டே போனாள். பாடம் நடத்துகிற, கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்கிற குரல். அப்படி ஒரு குரல் அம்மாவுக்குள் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பனியில் பூ பூத்ததைவிட அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

கேட்டு முடித்த ஆன்ட்டி மெல்லச் சொன்னார். இந்த வீட்டில் முன்பு இருந்த அம்மாளும் வருஷா வருஷம் இதே நாட்களில் இதே இடத்தில் குப்புறப் படுத்துக் கிடப்பாராம். தெருவே அவருக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொள்ளுமாம். போன வருஷம்தான் இறந்துபோனார். “அவள் எதைப் பார்த்தாள் என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை,” என்றவர், அம்மாவிடம் லென்ஸை வாங்கிக்கொண்டு தானும் படுத்துவிட்டார்.

ஆபீஸ் விட்டு வந்த அப்பா கண்டது, கொல்லையில் குப்புறக் கிடக்கும் இரண்டு பெண்களையும், பக்கத்தில் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் நிற்கும் என்னையும்தான்.

“என்னாச்சு?” என்றார்.

“ஏங்க, இங்க தோண்டக் கூடாது,” என்றாள் அம்மா.

“சனிக்கிழமை மெஷின் வருது. எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்பப் போய் பூ இருக்கு, வராதீங்கன்னு சொல்ல முடியுமா?”

அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் ஆன்ட்டியோடு லைப்ரரிக்குப் போனாள். அங்கே ஒரு புத்தகத்தில் அந்த மஞ்சள் பூவின் படம் இருந்தது. இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு பச்சையாகிவிடும், மறுபடி மஞ்சள் ஆகச் சில வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று போட்டிருந்ததாம். அம்மா ராத்திரி சாப்பாட்டில் அதைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அப்பா ஆபீஸிலிருந்து மதியமே வந்துவிட்டார்.

மண்வெட்டி போட்டால் கிழங்கு வெட்டுப்படும் என்று அம்மா தோசைத்திருப்பியை எடுத்தாள். எனக்குக் குழிக்கரண்டி. ஆன்ட்டி தன் வீட்டிலிருந்து கேக் கரண்டி கொண்டு வந்தார். பூவும் இலையுமாக, வேரைச் சுற்றிய மண் உதிராமல் கொத்துக் கொத்தாகப் பெயர்த்தோம். பெயர்த்ததை வைக்க வீட்டிலிருந்த எவர்சில்வர் பாத்திரம் அத்தனையும் வெளியே வந்தது. கலைந்த தலைப் பூக்கள் இட்லிப் பானையில், வானம் பார்த்தது டபராவில். மஞ்சள் பூவை அம்மா யாரையும் தொட விடவில்லை, அப்பாவைத் தவிர. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு, ஆபீஸ் ஷூவோடு, சேற்றில் வழுக்காமல் அடிமேல் அடி வைத்து அவர் வேலியின் மறுகோடிக்கு நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

தொட்டி மறுநாள் மண்ணிலிருந்து வெளியே வந்தது. ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்கவில்லை. மஞ்சள் பூ அடுத்த வருஷம், புத்தகத்தில் போட்டிருந்தபடியே, பச்சையாகத்தான் பூத்தது. மஞ்சள் திரும்ப இன்னும் ஒரு குளிர்காலம் ஆயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை. நட்டு முடித்து உள்ளே வந்ததும், நகக்கண்ணில் மண்ணோடு அம்மா திருச்சிக்குப் போன் போட்டாள். அங்கே விடியற்காலை. மாமாதான் எடுத்தார்.

“அண்ணே, நாங்க வரல. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு. காலேஜ்லயும் சொல்லிடு.”

நாங்கள் ஊருக்குப் போவதாக இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். அழுகை வந்தது.

“ஏம்மா போகல?”

“அடுத்த வருஷம் அது மஞ்சளா வருதா, பச்சையா வருதான்னு பார்க்க வேணாமா?”

யோசித்துப் பார்த்தேன். சரியான காரணமாகத்தான் பட்டது. அழுகையை நிறுத்திவிட்டேன். மாமா டிக்கெட் எடுத்திருந்தது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் என்பதும், அதில் திரும்பி வருகிற டிக்கெட் இல்லை என்பதும் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா போனை வைத்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஸிங்க்கில் குவிந்திருந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தார். அப்பா பாத்திரம் தேய்த்து நான் பார்த்ததே இல்லை. நிறைய மண் ஒட்டியிருக்கிறது, அம்மாவுக்குக் கை வலிக்கும், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மண்ணெல்லாம் போன பிறகும் அந்த இட்லிப் பானையை அவர் எதற்காக அவ்வளவு நேரம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேய்த்துக்கொண்டே நின்றார் என்பதுதான் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.